நாள் குறிப்பது ஆறுதான்

ராஃப்டிங் படகு ஓடுவதற்குச் சரிவு வேண்டும், பாறை வேண்டும், அளவு அதிகம் மாறாமல் ஓடும் தண்ணீர் வேண்டும். கண்டாச்சிபுரத்துக்கு அருகே திருக்கோவிலூரை ஒட்டிப் போகும் தென்பெண்ணையில் இவை மூன்றும் ஒரே நாளில் வாய்ப்பதில்லை. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி, அடுத்துக் கிருஷ்ணகிரி, அதற்கடுத்துச் சாத்தனூர் என்று அணைக்கு அணை நின்று வரும் ஆறு, விழுப்புரம் மாவட்டத்தை எட்டும்போது அகன்ற மணற்படுகையாகிவிடுகிறது. ஆண்டில் பல மாதம் அதில் ஆடு மேயும். ஏதோ ஓர் இரவில் நிலைமை தலைகீழாகும். ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வெளியேறிய நீர் விநாடிக்கு 1,68,000 கன அடி, அதாவது நொடிக்கு 47 லட்சம் லிட்டருக்கு மேல். அரகண்டநல்லூர் தொடங்கிக் கடலூர் வரை கரையோர ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது.

வெள்ளம் வேறு, ராஃப்டிங் ஓடும் நீர் வேறு. மலையாற்றில் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நுரைத்து இறங்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் கீழே பெரும்பாலும் ஒரு மடு இருக்கும். படகிலிருந்து விழுந்தவரைப் பிடித்து ஏற்றுவது அங்கேதான். சமவெளி வெள்ளத்தில் அப்படி மூச்சு வாங்கும் இடம் கிடையாது. கரை எது என்றே தெரியாது. வேரோடு சாய்ந்த மரமும் முள்வேலியும் மின்கம்பமும் செம்மண் நிறத் தண்ணீருக்குள் மறைந்து வரும். கிளைகளுக்குள் ஆள் சிக்கினால் தேநீர் வடிகட்டியில் இலை தங்குவது போல ஆள் அங்கேயே அழுந்திக் கிடப்பார், தண்ணீர் மட்டும் ஊடே போகும். ஆகவே இந்த வட்டாரத்துச் சங்கம் ஒன்று ராஃப்டிங் போக நினைத்தால் முதலில் மாவட்டத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். மாநிலத்தையும் தாண்ட வேண்டியிருக்கும்.

சங்கம் என்றால் ரோட்டரி, லயன்ஸ் கிளையாக இருக்கலாம். பள்ளி முன்னாள் மாணவர் குழுவாகவோ, ஞாயிறுதோறும் செஞ்சிக்கோட்டை ஏறும் நண்பர் கூட்டமாகவோ இருக்கலாம். எதுவானாலும் திட்டம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: எல்லோருக்கும் லீவு எப்போது? அதை வைத்து நாள் குறித்து, வண்டி பேசி, கடைசியில் ஆற்றைத் தேடுவார்கள். கோயில் சுற்றுலாவுக்கு இந்த வரிசை பொருந்தும், ஆற்றுக்குப் பொருந்தாது. எந்த ஆற்றில் எப்போது தண்ணீர் வருகிறது, அது எதனால் வருகிறது என்று முதலில் தெரிந்துகொண்டு, அதற்குத் தகுந்தபடி லீவைத் தேடுவதே பயன் தரும் வரிசை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

இந்தியாவில் ராஃப்டிங் நடக்கும் ஆறுகளை நீர் வரும் வழியை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது மழையாறு. குடகின் தென்கோடியில், பிரம்மகிரி மலையை ஒட்டி ஓடிக் கேரளத்துக்குள் இறங்கும் பாராபோளே இதற்கு நல்ல உதாரணம். தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஜூனில் உயிர் பெறும், செப்டம்பர் வரை ஓடும். நீர்ப்பிடிப்புப் பகுதி சிறியது என்பதால் மலையில் கொட்டிய மழை சில மணி நேரத்தில் ஆற்றில் தெரிந்துவிடும். காலையில் படகு விடத் தகுந்ததாக இருந்த ஆறு மதியத்துக்குள் தகாததாகலாம். மழை ஒரு வாரம் ஓய்ந்தால் பாறைகள் தலைகாட்டும்.

இரண்டாவது அணையாறு. உத்தர கன்னட மாவட்டத்தின் காளி ஆற்றில், கணேஷ்குடி என்ற இடத்தில் 101 மீட்டர் உயரத்தில் நிற்கிறது சூபா அணை. அதன் அடியில் தலா 50 மெகாவாட் திறனுள்ள இரண்டு மின்பொறிகள். அவை சுழலும்போது வெளியேறும் தண்ணீரில்தான் தாண்டேலிப் பக்கத்து ராஃப்டிங் முழுவதும் நடக்கிறது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். மழை ஓய்ந்து ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதங்களில் இங்கே படகு ஓடும். வானத்தைப் பார்த்துப் பயனில்லை. மின்தேவையைப் பார்த்துத்தான் ஆறு ஏறும், இறங்கும். மகாராஷ்டிரத்தில் கோலாடு அருகே ஓடும் குண்டலிகாவும் மின்நிலையத் தண்ணீரையே நம்பியிருக்கிறது. அங்கே காலையில் தண்ணீர் விடும் நேரம் தவறினால் அன்றைய படகும் தவறியது.

மூன்றாவது பனியாறு. ரிஷிகேஷுக்கு மேலே ஓடும் கங்கை இந்த வகை. கோடை தொடங்கியதும் இமயத்துப் பனி உருகி நீர் கூடும். ஜூலை, ஆகஸ்டில் பருவமழையும் சேர்ந்துகொள்வதால் ராஃப்டிங்கை நிறுத்திவைத்து, செப்டம்பர் வாக்கில் மறுபடி திறப்பார்கள். எட்மண்ட் ஹிலாரி 1977-ல் கடல்முகத்திலிருந்து ஜெட் படகுகளில் எதிரேறிப் போனதும் இதே கங்கையில்தான். நந்தபிரயாகைக்கு அருகே ஓர் அருவி குறுக்கிட்டு அந்தப் படகுகளை நிறுத்தியது.

அணையாறு ஒழுங்கானது, அதனால் ஆபத்தற்றது என்று நினைப்பதற்கில்லை. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில், ஐதராபாதிலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மேலே லார்ஜி அணையின் மதகுகள் திறந்தன. மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் படகு ஏறவில்லை, நீந்தவும் இல்லை. மேலே அணை இருக்கும் ஆற்றில் கணுக்கால் அளவுத் தண்ணீரையும் அப்போதைக்கு மட்டுமே நம்பலாம். தாண்டேலி போகும் குழுவிலும் படகைவிடக் கரையில் செல்ஃபி எடுப்பவர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஆற்றின் கடுமையைச் சொல்ல உலகம் முழுவதும் 1 முதல் 6 வரை ஒரு தரவரிசை பழக்கத்தில் இருக்கிறது. 1 என்றால் சிற்றலை. 2, 3 முதல்முறை வருபவர்கள் வழிகாட்டியோடு இறங்கக்கூடியவை. 4 என்றால் அலை பெரிது, பாதை குறுகல், எல்லோரும் சேர்ந்து துடுப்புப் போட்டால்தான் தப்பலாம். 5 தேர்ந்தவர்களுக்கு மட்டும். 6 படகு விட முடியாதது என்றே கொள்ளலாம். ஒரு முக்கியமான செய்தி விளம்பரப் பலகைகளில் இருக்காது: தரம் ஆற்றுக்கு நிரந்தரமாக ஒட்டிய முத்திரை அல்ல. அதே பாறை, அதே வளைவு, மழைக்கு முன் 2 ஆகவும் மழைக்குப் பின் 4 ஆகவும் இருக்கும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஆளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

ஆடியில் குடகு, தையில் தாண்டேலி

விழுப்புரத்துக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. குடகுக்கு மழை என்றால் ஆனி, ஆடி, ஆவணி. இந்த முரண் திட்டமிடுபவரைக் குழப்பும். ஜூலையில் பெண்ணையாற்று மணல் கொதிக்கும்போது பாராபோளேயில் தண்ணீர் இருக்கும் என்று தோன்றாது. நவம்பரில் இங்கே ஏரி நிரம்பி வழியும்போது அங்கே பருவமே முடிந்திருக்கும். ஊர் வானத்தை வைத்து வெளியூர் ஆற்றைக் கணக்கிட முடியாது என்பதால், தேதி பேசும் கூட்டத்தில் கர்நாடகத்தின் வானிலை அறிக்கையைப் படிக்க ஒருவரைப் பொறுப்பாக்குவது நல்லது.

திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, பெங்களூரு, மைசூரு வழியாகக் குடகு 450 கி.மீ.க்கு மேல். டெம்போ டிராவலரில் நிறுத்தங்களோடு சேர்த்துப் பத்து மணி நேரப் பயணம். வெள்ளி இரவு புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பும் உண்மையான வார இறுதிக்கு எட்டுவது இந்த ஒரு திசைதான். குடகிலேயே இரண்டு வாய்ப்புகள் உண்டு. குஷால்நகர் அருகே துபாரேயில் காவிரியில் இறங்குவது மென்மையானது. யானை முகாமைப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் அமைதியான நீரில் சில கிலோமீட்டர் மிதந்து வரலாம். குழுவில் நீச்சல் தெரியாதவர்கள் பாதிப்பேர் என்றால் இதுவே போதும். பாராபோளே அப்படியல்ல. எஸ்டேட் பாதையில் ஜீப்பில் போய், படகு இருக்கும் இடம் வரை நடந்து, நீர் ஏறியிருக்கும்போது 4 வரை போகும் இறக்கங்களைச் சந்திக்க வேண்டும். முதல் பயணத்திலேயே இதைத் தேர்ந்தெடுக்கும் சங்கத்தில் யாரோ ஒருவர் மற்றவர்களுக்கும் சேர்த்து வீரம் பேசியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

தாண்டேலி 700 கி.மீ. அளவில் இருக்கிறது. இரண்டு நாளில் போய்த் திரும்பலாம் என்பது வரைபடத்தில் மட்டும் முடியும் காரியம். பொங்கலோ குடியரசு தினமோ சனி, ஞாயிற்றோடு ஒட்டி வரும் ஆண்டில், பெங்களூரு வரை பஸ், அங்கிருந்து இரவு ரயிலில் தார்வாடு அல்லது ஹூப்ளி, பிறகு சாலை என்று போவதே உடம்புக்கு நல்லது. தை மாதக் குளிரும் சீரான தண்ணீரும் 2, 3 தர இறக்கங்களும் சேர்ந்திருப்பதால் முதல்முறை போகும் குழுவுக்கு ஏற்ற ஆறு காளிதான். தூரம் ஒன்றுதான் தடை.

ஒகேனக்கல்லைச் சொல்லாமல் விட முடியாது. ஏறத்தாழ 200 கி.மீ. தூரம், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மீன் வறுவல். அங்கே ஓடுவது பரிசல். மூங்கில் பின்னலின் அடியில் நீர் புகாத தாள் போர்த்திய வட்டக்கலம் அது. துடுப்பு ஓட்டியிடம் மட்டும் இருக்கும்; பயணி பார்வையாளர்தான். பாறைச் சுவர்களுக்கு நடுவே சுழன்று போகும் அனுபவத்துக்கு ஈடு கிடையாது என்றாலும் அதை ராஃப்டிங் என்று சொல்ல முடியாது. ரிஷிகேஷ், இலங்கையின் களனி ஆற்றில் கித்துல்கல ஆகியவை ஒரு வார விடுமுறைக்கு உரியவை.

ஆள் கணக்கு, வண்டிக் கணக்கு

ராஃப்டிங் படகில் வழிகாட்டி நீங்கலாக ஆறு முதல் எட்டுப் பேர் உட்காரலாம். படகின் இரு பக்கமும் எடை சமமாக வேண்டும் என்பதால் இரட்டைப்படை எண்ணிக்கை வசதி. பன்னிரண்டு இருக்கை டெம்போ டிராவலர் ஒன்றில் வரும் கூட்டம் இரண்டு படகுக்குச் சரியாகப் பிரியும். இரண்டு படகு என்பது கணக்கு வசதிக்காக மட்டும் சொல்வதல்ல. ஒன்று கவிழ்ந்தால் மற்றொன்று ஆளை எடுக்கும். தனிப்படகாக இறங்குவதை நல்ல வழிகாட்டிகள் தவிர்ப்பார்கள். இருபத்தைந்து பேருக்கு மேல் சேர்ந்தால் அது ராஃப்டிங் பயணமாக இராது, சுற்றுலா பஸ்ஸாகிவிடும். பெயர் கொடுத்தவர்களில் பலர் கடைசி வாரத்தில் கழன்றுகொள்வது எல்லாச் சங்கங்களிலும் உண்டு. முன்பணம் வாங்கிய பிறகே பெயரை எழுதுவது, விலகுபவர் தனக்குப் பதில் ஆள் தந்தால் மட்டும் பணம் திருப்புவது என்ற இரண்டு விதிகள் பொருளாளரின் தூக்கத்தைக் காக்கும்.

வண்டி மஞ்சள் போர்டாக இருக்க வேண்டும். உறவினரின் வெள்ளை போர்டு வேனை டீசல் போட்டு எடுத்துப்போனால் எல்லைச் சோதனையில் அபராதம் போவது சின்ன விஷயம். விபத்து நேர்ந்தால் வாடகைக்கு ஓட்டிய சொந்த வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். கர்நாடகத்துக்குள் போக அகில இந்திய சுற்றுலா பர்மிட் உள்ளதா என்று ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டுநரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இத்தகைய பயணத்தில் பெரிய அபாயம் ஆற்றில் இருப்பதைவிடச் சாலையில்தான் இருக்கிறது. ஆற்றில் கழிவது இரண்டு, மூன்று மணி நேரம், அதுவும் ஹெல்மெட்டும் மிதவைச் சட்டையும் வழிகாட்டியும் சூழ. சாலையில் கழிவது இருபது மணி நேரம், பெரும்பகுதி இரவில். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஓட்டுநரின் வேலையை நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வரையறுத்தது. வெள்ளி பகல் முழுக்க வேறு சவாரி ஓட்டிவிட்டு இரவு எட்டு மணிக்கு வந்து நிற்கும் ஓட்டுநர், கிருஷ்ணகிரி தாண்டும்போதே கண்ணைக் கசக்குவார். இரண்டு ஓட்டுநர் வைக்கலாம், செலவு கூடும். அல்லது வெள்ளி மதியம் வரை தூங்கியிருக்க வேண்டும் என்பதை வண்டி உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி, அதற்குரிய பேட்டாவையும் சேர்த்துக் கொடுக்கலாம். முகாமில் அவருக்குப் படுக்கையும் சாப்பாடும் தனியாகப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். வண்டி இருக்கையிலேயே படுத்துக்கொள்வார் என்று விடுவது அநியாயம், ஆபத்தும்கூட.

இந்தக் கணக்கின்படி நேர அட்டவணை தானாக அமைகிறது. சனி காலை போய்ச் சேர்ந்ததும் ஆற்றில் இறங்காமல், இட்லியோ குடகுப் புட்டோ சாப்பிட்டு மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு மதிய வேளைப் படகில் ஏறலாம். இரவு முகாம். ஞாயிறு காலை ஒன்பது, பத்து மணிக்குள் புறப்பாடு. காலைப் படகைத் தேர்ந்தெடுத்தால் தூக்கமற்ற கைகள் துடுப்புப் பிடிக்கும்.

யாரை நம்பி இறங்குவது

மத்திய சுற்றுலா அமைச்சகம், சாகசச் சுற்றுலா நடத்துநர்கள் சங்கத்தோடு சேர்ந்து 2018-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் ராஃப்டிங்குக்குத் தனிப் பகுதி உண்டு. கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இத்துறைக்குப் பயிற்சியும் தருகிறது. நடத்துபவரிடம் உரிமம் இருக்கிறதா, வழிகாட்டி எந்தப் பயிற்சி முடித்தவர், முதலுதவியும் சி.பி.ஆரும் அறிந்தவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேள்வியைக் கேட்டதும் எரிச்சல் வந்தால் அதுவே விடை. காப்புக் கயிற்றுப் பையைப் படகில் வைத்திருக்கிறார்களா, மீட்புக்கு ஒரு கயாக் கூட வருமா, இடையில் ஆற்றிலிருந்து ஏறி வெளியேற எத்தனை இடம் உண்டு, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பவை அடுத்த கேள்விகள். கட்டணத்தில் தலைக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் நேரத்தை இதில் செலவிடலாம். பேரத்தில் குறையும் பணம் பெரும்பாலும் படகில் கூடுதலாக ஏறும் இரண்டு ஆட்களாகத் திரும்பி வரும்.

உறுப்பினர்கள் சொல்ல வேண்டியதும் உண்டு. இதய நோய், வலிப்பு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை, தோள் மூட்டு நழுவிய வரலாறு, கர்ப்பம் ஆகியவை இருந்தால் படகு வேண்டாம். நம்மூர்க் கூட்டங்களில் இதைப் பொதுவில் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருங்கிணைப்பவர் தனித்தனியே போனில் கேட்டுக்கொள்வது நடைமுறைக்கு ஒத்தது. சிறுவர்களுக்கு ஆற்றுக்கு ஆறு வயது வரம்பு மாறும். ரிஷிகேஷில் 14 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை. தனிநபர் விபத்துக் காப்பீடு பலரிடம் இருக்கும், ஆனால் சாகச விளையாட்டை விலக்கும் வரி அதன் உட்பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

நீச்சல் தெரியுமா என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், கிணற்றில் குதித்துப் பழகியவன் என்பதுதான். முதுகில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிப் படிக்கிணற்றில் கற்ற நீச்சல் மூச்சையும் துணிவையும் தந்திருக்கும். அது நின்ற தண்ணீரின் வித்தை. ஓடும் ஆற்றில் எதிர்த்து நீந்துவது வீண். படகிலிருந்து விழுந்தவர் மல்லாந்து, கால்களைப் போகும் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். பாறை வந்தால் பாதம் தாங்கும், தலை தப்பும். எழுந்து நிற்க முயல்வதுதான் கூடாத காரியம். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், பின்னாலிருந்து வரும் நீர் ஆளை முன்னே மடக்கி அமுக்கும். முழங்காலுக்குச் சற்று மேலான ஆழத்திலேயே இது நடக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இந்தத் தவறைச் செய்யத் தூண்டப்படுகிறார்கள்.

படகில்

ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், வேட்டி, லுங்கி, சேலை காலைக் கட்டும். சீக்கிரம் உலரும் அரைக்கால் சட்டையும் பனியனும் போதும். பெண்களுக்கு விளையாட்டு உடையின் மேல் முழுக்கைச் சட்டை வெயிலுக்கும் நல்லது. ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். வார் வைத்த செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ வேண்டும். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கட்டும் நாடா உண்டு. இல்லையென்றால் சாதாரண நூலே போதும். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை விடுதியில் வைத்துவிடலாம். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வது பல குடும்பங்களில் நடக்காது. சட்டைக்குள் விட்டு, ஊக்கால் உட்துணியோடு சேர்த்துக் குத்தி, அதன்மேல் மிதவைச் சட்டையை இறுக்கினால் கயிற்றில் மாட்டும் வாய்ப்புக் குறையும்.

மிதவைச் சட்டை தளர்ந்திருப்பது அது இல்லாததற்குச் சமம். அணிந்த பிறகு இன்னொருவர் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காது வரை ஏறினால் வார்களை மறுபடி இறுக்கியாக வேண்டும். நுரை பொங்கும் நீரில் பாதிக்குப் பாதி காற்று கலந்திருக்கலாம். அதன் அடர்த்தி குறைவு என்பதால் ஆளைத் தாங்கும் ஆற்றலும் குறைவு. குளத்தில் நன்றாக மிதக்கவைத்த சட்டை ஆற்றில் சற்றே தாழ்த்தும் காரணம் இதுதான்.

வழிகாட்டியின் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கும்: ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், ஹோல்ட் ஆன், கெட் டவுன், ஹை சைடு. கடைசியில் உள்ளதுதான் புரியாமல் போவது. படகு பாறையில் பக்கவாட்டில் மோதி ஒருபுறம் தூக்கும்போது, எல்லோரும் தூக்கிய பக்கத்துக்கே, அதாவது பாறை இருக்கும் பக்கத்துக்கே பாய்ந்து எடையைப் போட வேண்டும். மனித இயல்பு பாறையிலிருந்து விலகச் சொல்லும். விலகினால் தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் ஏறிப் படகு புரண்டுவிடும். கரையிலேயே இதை இரண்டு முறை செய்து பார்த்து, ஆங்கிலம் பழகாதவர்களுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் சொல்லிவிடுவது ஒருங்கிணைப்பவரின் வேலை. துடுப்பின் மேல்முனையில் டி வடிவப் பிடி இருக்கும். அதை எந்நேரமும் உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்திருக்க வேண்டும். படகு குலுங்கும்போது பக்கத்தில் இருப்பவரின் பல்லை உடைப்பது பாறையல்ல, கைநழுவிய அந்தப் பிடி.

ஆற்றைப் படிக்கவும் சற்றுக் கற்கலாம். நீர்ப்பரப்பில் ஆங்கில வி போன்ற வடிவம் தெரியும். அதன் கூர்முனை ஓட்டத்தின் திசையைக் காட்டினால் அங்கே ஆழமான பாதை. எதிர்த்திசையைக் காட்டினால் அடியில் பாறை. பெரிய பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி மேல்நோக்கிச் சுழலும் அமைதியான இடத்தில் வழிகாட்டி படகை ஒதுக்கி நிறுத்துவார். வரப்போகும் இறக்கத்தை அங்கிருந்து பார்த்துவிட்டுத்தான் நல்லவர்கள் இறங்குவார்கள்.

கூடாரமா, கூரையா

படகும் கூடாரமும் சேர்ந்த பயணம் என்ற படம் மேலைநாட்டுக் கோடையிலிருந்து வந்தது. குடகு ஆடி மழையில் கூடாரம் என்பது தண்டனை. துணி உலராது, அடுப்பு எரியாது, அட்டைகள் ஷூவின் கண்வழியே ஏறும். பாராபோளேக்கு எஸ்டேட் ஹோம்ஸ்டேயோ பொதுக்கூடமோதான் சரி. உப்புப் பொட்டலமும் மாற்றுத் துணியும் அங்கே டார்ச் விளக்கைவிடப் பயன்படும். மெய்யான கூடார இரவு தை மாதத் தாண்டேலிக்கு உரியது. அங்கேயும் சுற்றியுள்ள காடு காளி புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அனுமதி பெற்ற முகாம்களிலும், கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நடத்தும் காளி சாகச முகாம் போன்ற இடங்களிலும்தான் தங்கலாம். ஆற்று மணலில் தாங்களாகக் கூடாரம் அடிப்பது சட்டத்துக்கும் புலிக்கும் அணைக்கும் ஒருசேர எதிரான செயல். ரிஷிகேஷில் கங்கைக் கரை மணலெங்கும் முகாம்கள் பெருகிக் கழிவு சேர்ந்ததால், 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே தலையிட்டு அவற்றைத் தடை செய்ய வேண்டியிருந்தது.

சாப்பாட்டில் நம்மூர் வழக்கம் கைகொடுக்கும். முதல் இரவுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டால் நெடுஞ்சாலை ஓட்டலில் ஒரு மணி நேரம் மிச்சம். படகுக்கு முன் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. இரண்டு மணி நேர இடைவெளி போதும். பிரியாணியைப் படகு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மது பற்றிய விதியைப் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும்: சனி இரவு வரை கிடையாது. முந்தைய இரவின் போதை மறுநாள் உடம்பை உலர்த்தி, குளிரில் சீக்கிரம் நடுங்கவைக்கும் என்பது மருத்துவக் காரணம். குடித்தவரைப் படகில் ஏற்றக் கூடாது என்பது எல்லா ஆற்றிலும் உள்ள விதி.

ரத்து செய்யும் உரிமை

எந்தத் திட்டத்திலும் எழுதப்படாமல் போகும் பகுதி இது. 2018 ஆகஸ்டில் குடகில் மலைகள் சரிந்து ஊர்கள் புதைந்தன. அடுத்த ஆண்டும் ஆகஸ்டில் நிலச்சரிவு. மழையாற்றுக்குப் போகும் குழு, வியாழன் மாலை வானிலை அறிக்கையைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரத்தை ஒருவரிடம் முன்பே ஒப்படைத்திருக்க வேண்டும். குடகுக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால் பேச்சே இல்லை. ஆரஞ்சு என்றால் நடத்துபவரிடம் ஆற்றின் அன்றைய நிலையைக் கேட்டு முடிவெடுக்கலாம். இதைப் பன்னிரண்டு பேர் வாட்ஸ்அப்பில் வாக்கெடுத்தால், கொடுத்த முன்பணம் வென்றுவிடும். ஆகவே மழையால் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதை வண்டிக்காரரிடமும் முகாமிடமும் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுவது நல்லது.

ரத்தானால் ஒகேனக்கல் போகலாம் என்று தோன்றும். பெரும்பாலும் அதுவும் நடக்காது. குடகிலும் வயநாட்டிலும் கொட்டும் அதே மழைதான் கபினியையும் கிருஷ்ணராஜ சாகரையும் நிரப்பி, பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தைத் தாண்டி ஒகேனக்கல்லுக்கு வருகிறது. நீர்வரத்து கூடியதும் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும். மாற்றுத் திட்டம் அந்த மழைக்கு வெளியே இருக்க வேண்டும். ஜவ்வாது மலையோ கல்வராயன் மலையோ பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் காட்டுப் பாதையில் நடக்க வனத்துறை அனுமதி தேவை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழ்நாடு அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024-ல் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்திலேயே பதிவு செய்யலாம். அதற்கும் நேரமில்லை என்றால் செஞ்சி இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை. ராஜகிரி உச்சி வரை மூச்சு வாங்காமல் ஏறுகிறவர் எவர் என்று பார்த்துவைத்தால், ஆவணியில் மழை தணிந்து மறுபடி தேதி குறிக்கும்போது யாரை எந்தப் படகில் உட்காரவைப்பது என்பதும் முடிவாகிவிடும்.